மூடாமல் விட்ட சுழி

நம் வயதை எட்டியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லித்தான் வந்திருக்கிறோம். புதன்கிழமைகளில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து நாம் விடுகிற கதைகளில் எது எவ்வளவு என்பது நமக்குள் தெரியும். ஆனால் உங்களில் யாருடைய பொய்யையாவது ஒரு நகரம் ஐம்பது வருடங்களுக்கு மேலாகக் கொண்டாடி வருகிறதா? என்னுடையதைக் கொண்டாடுகிறது. ஒவ்வொரு மே மாதமும், நகரமண்டபப் படிகளில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்து கொண்டாடுகிறார்கள். போன மாதம்தான் இது எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கண்டுபிடித்தவள் என் பேத்தி. பதின்மூன்று வயது. இங்கே நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் மகள் வீட்டில், ஏழாம் மாடியில், அவளுடைய கணினி இருக்கும் மேசைக்குப் பக்கத்தில்தான் என் கதிரையும் இருக்கிறது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மப்பா, பள்ளிக்கூடத்திலை ஒரு வீட்டுப்பாடம் தந்திருக்கினம். வீட்டிலை இருக்கிற வயசான ஆள் சின்னனிலை இருந்த ஊரைப் பற்றி எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பிலை வாசிக்கவேணும். யாழ்ப்பாணத்தை ஏற்கெனவே ரெண்டு பேர் எடுத்திட்டினம். நீங்கள் இங்கிலாந்திலை இருந்த ஊரின்ரை பேர் என்ன?”

சொன்னேன். அந்தச் சின்ன ஊரைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூச்சு விடுவதற்குள் திரையில் வந்துவிட்டது: ஆறு, கல்பாலம், நெசவாலையின் புகைபோக்கி, நகரமண்டபத்துக் கடிகாரம். அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு எத்தனை நாள் ஆற்றுக்குள் துப்பியிருக்கிறேன். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

“இஞ்சை பாருங்கோ. இங்கிலாந்துக்காரரும் கோலம் போடுறவையோ?”

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். இது அந்த நகரத்தின் மிகப் பழைய வழக்கமாம். ஆற்றோரத் தெருப் பெண்கள் வீட்டைக் காப்பதற்காக வாசற்படியில் வெள்ளைக் கல்லால் இந்த முடிச்சை வரைவார்களாம். தாயிடமிருந்து மகளுக்கு வந்ததாம். ஒரு சுழியை மட்டும் எப்போதும் மூடாமல் விடுவார்களாம், நல்லகாலம் அந்த வழியால் உள்ளே வருவதற்காக. ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை நகரமண்டபப் படிகளில் வரைகிறார்களாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். நடுவில் ஐந்து புள்ளி, மேலும் கீழும் மூன்று மூன்று, முனைகளில் ஒவ்வொன்று. பதின்மூன்று புள்ளிகளையும் சுற்றி வளைந்து போகும் ஒரே கோடு. வலப்பக்கம் கீழே ஒரு சுழி மூடாமல் வாயைத் திறந்தபடி நின்றது. அந்தச் சுழி நல்லகாலத்துக்காகத் திறந்து விடப்பட்டதல்ல. அது எப்படித் திறந்தபடி நின்றது என்று தெரிந்தவன் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான்.

பேத்தி ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை அதை வாசித்தால், நான் சொன்ன பொய் என் பேத்தியின் வாயாலேயே நோர்வேயிலும் வரலாறாகிவிடும். வாயைத் திறந்தாலோ, அவளுக்கு முன்னால் நான் யார் என்பது மாறிவிடும். உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா டாக்குத்தர். மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனவர் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காமல் ஆற்றோரத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிய கரி படிந்த செங்கல் வீடுகள். இரண்டிரண்டு வீட்டுக் கதவுகள் பக்கம் பக்கமாக இருக்கும், அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே அகலமான கல் படி. எங்கள் படியின் மற்றப் பாதி பக்கத்து வீட்டம்மாவுடையது. புருஷன் இல்லாதவர், நெசவாலையில் வேலை செய்து காது மந்தமானவர். வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் முழங்காலில் நின்று படியைக் கழுவி, விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லைத் தேய்ப்பார்கள். பழந்துணிக்காரன் துணியை வாங்கிக்கொண்டு கொடுக்கும் கல் அது. ஈரக் கல்லில் அது தேய்கிற சத்தமும், எழும்புகிற சுண்ணாம்பு மணமும் இன்னும் எனக்குள் இருக்கின்றன.

அம்மாவுக்கு அந்த வழக்கம் நிறையப் பிடித்துவிட்டது. அவருடைய தாய்வழி தஞ்சாவூர்ப் பக்கம். நம்மவர்கள் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் போடுகிற கோலத்தை அவர் வெள்ளி தவறாமல் போட்டு வளர்ந்தவர். அங்கே புட்டிங் செய்வதற்கென்று பொட்டலத்தில் விற்கிற அரிசி மாவை ஒரு சிரட்டையில் எடுத்துவைத்து, தெரு எழும்ப முதல் எங்கள் பக்கத்தில் தொடங்கிப் படியின் நடுவரைக்கும் கோலம் போடுவார். நான் பள்ளிக்கூடம் போகும்போது அதைத் தாண்டிக் குதித்து ஓடுவேன், யாரும் பார்க்க முதல்.

அந்த வசந்தத்தில்தான் ஊருக்கே பைத்தியம் பிடித்தது. நகரத்தின் வரலாற்றைப் புத்தகமாக்கப் போகிறார்கள், நகரமண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். பொறுப்பு நூலகத்து அம்மையாருடையது. பச்சைத் தொப்பி, முன்னுக்குக் கூடை வைத்த சைக்கிள். வகுப்புக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவிலிருந்து ஒரு பழைய பொருளோ பழைய வழக்கமோ தேடிக் கொண்டுவர வேண்டும், மிகச் சிறந்ததைக் கொண்டு வருபவருக்குப் பரிசு என்றார். அதோடு எங்களுக்கு நித்திரை போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் தெருத்தெருவாக ஓடினோம். ஒருவன் தோட்டத்தில் ஈயக் குண்டு தோண்டியெடுத்தான். இன்னொருவன் புகைபோக்கிக்குள் கையைவிட்டு ஒற்றைச் சப்பாத்தை எடுத்தான், பேயை விரட்டுவதற்காக எந்தக் காலத்திலோ வைத்ததாம். கரி பூசிய முகத்தோடு அவன் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓட, நாங்கள் முப்பது பேர் பின்னால் ஓடினோம். எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி அதற்கு முன் இருந்ததில்லை.

ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை. சப்பாத்துக்காரன் கேட்டான், நீ வந்து ஏழு மாதம், உனக்கு இந்த ஊரில் ஏது பழசு என்று. அவன் கெட்டவனல்ல, உண்மையைத்தான் கேட்டான். அது எனக்கு எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் கதவைத் திறக்கிறேன், நூலகத்து அம்மையார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி எங்கள் படியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு நேர்த்தியான முடிச்சைத் தான் கண்டதேயில்லை என்றார். யார் வரைந்தது என்று கேட்டார்.

என் கை பக்கத்துக் கதவைக் காட்டியது. அவர்தான் என்றேன். இந்தத் தெருவில் எப்போதும் வரைவார்களாம், அவருடைய அம்மாவும் வரைந்தவராம் என்று அதற்கு மேலும் அடுக்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மையாரின் கண் விரிந்தது. என் வாயை என்னால் நிறுத்த முடியவில்லை.

அவர் உடனே பக்கத்துக் கதவைத் தட்டினார். செத்தேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, கேள்வியை இரண்டு தரம் கேட்டு, படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, ஓம், என்ரை அம்மா போடுறவதான் என்றார். என்னைக் காப்பாற்றவா, அல்லது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய மனுஷி தன் கதவைத் தட்டித் தன்னைப் பற்றிக் கேட்ட சந்தோஷத்திலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மூன்று கிழமையில் கண்காட்சி. பக்கத்து வீட்டம்மா நகரமண்டபப் படியில் எல்லோருக்கும் முன்னால் அதை வரைந்து காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அன்று பின்னேரமே எங்கள் குசினிக் கதவைத் தட்டினார். கையில் சிலேட். என்னிடம் சத்தமாகச் சொன்னார்: நான் ஒரு பொய் சொல்லிப்போட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சொல்லு, அவதான் இனி எனக்கு உதவி செய்யவேணும்.

அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. “என்னவாம், தம்பி?” என்று கேட்டார்.

“உங்கடை கோலம் நல்லாப் பிடிச்சிருக்காம், அம்மா. பழக்கிவிடச் சொல்லி வந்திருக்கிறா.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். ஏழு மாதத்தில் அந்தக் குசினிக்குள் வந்த முதல் ஆள் அவர். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார், தேயிலை போட்டார், சிரட்டையை எடுத்துவந்தார். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சின்னக் குசினியில் ஒரே கொண்டாட்டம்தான். மாவு பக்கத்து வீட்டம்மாவின் தடித்த விரல்களுக்குள் நிற்கவில்லை, அதனால் படியில் தேய்க்கும் வெள்ளைக் கல்லின் மூலையால் வரைந்தார். புள்ளி வைப்பார், கோடு வழிதவறும். அம்மா தலையில் கைவைப்பார். இவர் ஆலையில் பேசிப் பழகிய பெரிய குரலில் சிரிப்பார். அம்மா கற்ற முதல் ஆங்கிலச் சொற்கள் புள்ளிக்கும் வளையத்துக்கும் உரியவைதான். பக்கத்து வீட்டம்மா தோட்டத்துச் சிவப்புத் தண்டுக்கீரையைக் கட்டிக் கொண்டுவருவார், நாக்குக் கூசப் புளிக்கும் அதை அங்கே சீனி போட்டு அவிப்பார்கள். அம்மா அதில் புளியில்லாக் குழம்பு வைத்துப் பார்த்து, பழப்புளியே தோற்கும் என்று அப்பாவிடம் சொன்னார். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் கதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது பெரும் சந்தோஷமாக இருந்ததை மறைக்கமாட்டேன். பொய்யின் நடுவே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

அந்த நாளும் வந்தது. கொடிகள், பித்தளை வாத்தியக் குழு, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் மணத்த தெரு. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் மாணவியைப் பார்க்க முன்வரிசைக்கே வந்துவிட்டார். நகரத் தலைவர் தங்கச் சங்கிலியோடு படியேறி, இது நம் முன்னோரின் வழக்கம், இந்த மண்ணின் பெண்கள் தாய்க்குப் பின் மகளாகக் காத்து வந்தது என்று முழங்கினார்.

“என்னவாம் சொல்லுறார்?”

“அவ வடிவாப் போடுறாவாம்.”

பக்கத்து வீட்டம்மா முழங்காலில் இருந்தார். பதின்மூன்று புள்ளிகளும் பிசகாமல் விழுந்தன. கோடு போனது, வளைந்தது. கடைசிச் சுழியில் கல் தயங்கியது. எந்தப் பக்கம் திரும்புவதென்று மறந்துவிட்டார். தலையை நிமிர்த்திக் கூட்டத்துக்குள் தேடினார். அம்மாவைத்தான் தேடினார்.

அம்மாவின் விரல்கள் கம்பளிக் கோட்டின் கைக்குள்ளேயே அந்தச் சுழியைப் போட்டன. நான் அதைக் கண்டேன். பிறகு அவர் ஒரு காலை முன்னால் வைத்தார்.

நான் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

“அம்மா, போகாதேங்கோ.”

“ஒரு சுழிதான் தம்பி, பாவம் மனுசி. காட்டிப்போட்டு வாறன்.”

“வேண்டாம். எல்லாரும் எங்களைப் பாப்பினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். தங்கச் சங்கிலிக்காரரைப் பார்த்தார். படியில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தார். அதில் இருந்த எழுத்துகளை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் அதில் வரைந்திருந்தது அவருடைய கோலம், அதற்குக் கீழே இருந்தது பக்கத்து வீட்டம்மாவின் புகைப்படம். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலைப் பின்னுக்கு எடுத்தார்.

பக்கத்து வீட்டம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுழியை அப்படியே விட்டு எழும்பினார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. எனக்கு நகரத்தின் முத்திரை பொறித்த தகரப் பென்சில் பெட்டியைக் கொடுத்தார்கள். சப்பாத்துக்காரன் வந்து என் தோளில் கைபோட்டான். அந்த நேரம் நான் வானத்தில் இருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது பாலத்தில் வைத்து அம்மா கேட்டார், எங்கடை எண்டு நீ சொல்லேல்லையோ என்று. நான் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டம்மா தண்டுக்கீரைக் கட்டோடு வந்தார். அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டு, சிரித்து, கதவைச் சாத்தினார். அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றுதான் பக்கத்து வீட்டம்மா நம்பியிருந்தார், நான் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பில். பிழை விட்டதற்காகக் கோபம் என்று எண்ணியிருப்பார். இரண்டு பேரும் ஒரே படியில் இன்னும் ஒரு வருடம் ஏறி இறங்கினார்கள், ஒருவர் குசினிக்கு மற்றவர் போகவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு வாய் இருந்தது. அது என்னுடையது, அது திறக்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு கோலம் போடவில்லை. அப்பா அதைக் கவனித்து மகிழ்ந்தார். “இப்பதான் நீர் இந்த ஊருக்குப் பழகியிருக்கிறீர்,” என்று அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. யாழ்ப்பாணம் திரும்பிய பிறகும், நாற்பது வருடம், பொங்கலுக்குக்கூட மற்றவர்கள்தான் போட்டார்கள். அந்தப் பென்சில் பெட்டி ஓர் இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. அது போனதில் எனக்குக் கவலை இருக்கவில்லை.

பேத்தி வகுப்பில் வாசிப்பதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, சோறு சாப்பிடும்போது மகளுக்கும் பேத்திக்கும் இவ்வளவையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பம்மா கோலம் போட்டு நான் ஒருநாளும் காணேல்லை. போடத் தெரியாது எண்டுதான் நினைச்சிருந்தனான்.”

பேத்தி என்னைப் பார்த்த பார்வையில் நான் பயந்த எதுவும் இருக்கவில்லை. அவளுக்குக் கண் பளபளத்தது. எழும்பி ஓடினாள். எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அதோடு நிற்காமல், அந்த இணையப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு என் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளுடைய விரல்கள் ஓடின. ஐம்பது வருடம் என்னால் முடியாததை அவள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, கடைசியாகத் திரும்பி, உங்கடை அம்மாவின்ரை முழுப் பேரைச் சொல்லுங்கோ என்றாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசித்தபோது, அவர்களுடைய ஆசிரியர் எழும்பிப் பலகையில் பதின்மூன்று புள்ளிகளை வைத்துப் பார்த்தாராம்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. எழுதியவர் அந்த நகரத்து வரலாற்றுக் குழுவில் இப்போது இருக்கிற பெண். சிறுமியாக இருந்தபோது தானும் அந்தப் படியில் வரைந்தவராம். கடிதத்தைக் குழுவில் வாசித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்களாம். என் அம்மாவின் பெயரை அந்த இணையப் பக்கத்தில் போடப்போகிறார்கள். பக்கத்து வீட்டம்மாவின் பெயரும் இருக்கும், கற்றுக்கொண்டவர் என்று. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். இந்த மே மாதம் பிள்ளைகள் வரையும்போது அந்தச் சுழியை என்ன செய்வது? மூடுவதா, வழக்கப்படி விடுவதா? அதை நான்தான் சொல்ல வேண்டுமாம்.

நான் நிறைய யோசித்துப் பேத்தியிடம் சொன்னேன், திறந்தபடியே இருக்கட்டும் என்று எழுது. நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திய இடம் அது. அது அப்படியே தெரியவேண்டும், என் பிழை அங்கே இருக்கவேண்டும்.

அவள் தட்டவில்லை.

“அது உங்கடை கோலம் இல்லைத்தானே, அம்மப்பா,” என்றாள். “அவவின்ரை கோலம். அவ மூடத்தானே வெளிக்கிட்டவ.”

நான் படித்தவன், படிப்பித்தவன். இதை எனக்குப் படிப்பிக்க ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை வேண்டியிருந்தது.

அவள் தன் கணக்குக் கொப்பியிலிருந்து கட்டம் போட்ட தாளைக் கிழித்து எனக்கு முன்னால் வைத்தாள். வரைந்து கொடுத்தால் படம் பிடித்து அனுப்பிவிடுவாளாம். இதற்கு முன் நான் ஒருநாளும் கோலம் வரைந்ததில்லை. ஆனால் குசினி மேசையில் அம்மா நூறு தரம் போட்டுக் காட்டியதை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பதின்மூன்று புள்ளிகளை வைத்தேன். பேனாவை எடுக்காமல் வளைத்துக்கொண்டு போனேன். வலப்பக்கம் கீழே வந்ததும் கை தயங்கியது. கம்பளிக் கோட்டின் கைக்குள் அசைந்த அம்மாவின் விரல்கள் எந்தப் பக்கம் திரும்பின என்று நினைத்துப் பார்த்தேன். இடப்பக்கம். மெதுவாகத் திருப்பி, கோட்டை அது தொடங்கிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.